ஆறிய எஞ்சினுக்கு ஒரு முதல் வரி

1

இந்தக் கதை நான் செய்த ஒரு நல்ல காரியத்தில் தொடங்குகிறது. அதனால்தான் இவ்வளவு குழப்பம்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய டீசல் ஜீப் இருக்கிறது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ரகம். சேறு, பாறை, ஓடை எதைக் காட்டினாலும் முகம் சுளிக்காது. காலையில் எழுவது மட்டும்தான் அதற்கு ஆகாது. ராத்திரி மலைக்குளிரில் நின்றுவிட்டால், விடிந்ததும் சாவியைத் திருப்பத் திருப்ப செல்ஃப் மோட்டார் தன் பாட்டுக்குச் சுற்றும்; எஞ்சின் காதில் போட்டுக்கொள்ளாது. நன்றாகக் கெஞ்சவிட்ட பிறகு ஒரு பெரிய இருமல், இரண்டு சின்ன இருமல், அப்புறம் ஜன்னல் கண்ணாடி அதிர ஒரு செருமல். அதற்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் தங்கம். இந்தக் குணங்களை எல்லாம் கணக்கில் எடுத்துத்தான் அதற்குப் பெரியப்பா என்று பெயர் வைத்தோம்.

பெரியப்பாவை ஓட்டுவது என் மனைவி. கால்நடை டாக்டர். எந்த மாட்டுக்கும் நடுப்பகலில் பிரசவ வலி வருவதில்லை என்பது அவள் தொழிலின் சாபம், எல்லாம் விடியற்காலைதான். வண்டி கிளம்ப மறுப்பதும் அதே நேரத்தில்தான்.

ஆகவே, நான் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அரைமணி என்று ஊரெல்லாம் சொல்கிற அதே ஆள்.* "காலையில முதல் வேலையா வந்துடறேன் சார். வண்டியை ரெடியா வைங்க" என்றார்.

ரெடியாக வைத்தேன். எப்படி என்று கேளுங்கள். இருட்டு பிரியும்போதே எழுந்து, கை வலிக்க வலிக்க சாவியைத் திருப்பி, பெரியப்பாவை எழுப்பி, நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட்டு, கண்ணாடியெல்லாம் துடைத்து நிறுத்தினேன். வருகிற மனிதர் குளிரில் கஷ்டப்படக் கூடாது இல்லையா?

அரைமணி வந்தார். பானெட்மேல் உள்ளங்கையை வைத்தார். பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று படுத்திருக்கும் பிள்ளையின் நெற்றியில் அம்மா வைப்பாளே, அந்த மாதிரி.

"சூடா இருக்கே சார்."

"பின்னே?" என்றேன் பெருமையாக.

அவர் கையை எடுத்துக்கொண்டார். "காய்ச்சல்னு டாக்டரை வரச்சொல்லிட்டு, அவர் வாசலுக்கு வர்றதுக்குள்ள மாத்திரையைக் கொடுத்து இறக்கி வச்சுட்டீங்களே. இப்ப நான் எதைப் பார்க்கறது?"

வாசகரே, எனக்கு அன்றுதான் தெரிந்தது. இந்த நோய் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது மட்டும்தான் முகத்தைக் காட்டும். ஒருமுறை கிளம்பிவிட்டால் ஒளிந்துகொள்ளும். மறுபடி பார்க்க வேண்டுமென்றால் இன்னொரு ராத்திரி போக வேண்டும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு வாய்ப்பு. அன்றைய வாய்ப்பை நான் கண்ணாடி துடைத்துக் கெடுத்திருந்தேன்.

*எந்த வேலையைக் கொடுத்தாலும் "அரைமணி நேரத்துல முடிச்சிடலாம்" என்பார். அவர் வந்து சேர எடுக்கும் நேரம் இதில் சேராது.

2

மேலே படித்தது இந்தக் கதையின் முதல் தொடக்கம் இல்லை. அதற்கு முன்னால் சில கிளம்பாமல் போயின:

மலைச்சரிவில் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த ஒரு

(நிறுத்திவிட்டேன். பனிக்கு வேறு வேலை இல்லை, எல்லாக் கதையிலும் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிறது.)

ஒரு வண்டி கிளம்ப மறுக்கும்போது உண்மையில் நாம் எதை

(இப்படித் தொடங்குகிற எதையும் நானே மேலே படிக்க மாட்டேன்.)

அவள் சாவியைத் திருப்பினாள்.

(இது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இதற்கடுத்த வரி வரவில்லை. மூன்று காலை இதே வரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். செல்ஃப் சுற்றியதோடு சரி.)

சரி, கதையில் மெக்கானிக் வந்துவிட்டார். கதைகளில் வரும் மெக்கானிக்குகள் அளந்து பேசுவார்கள், தொட்டுப் பார்த்தே நோயைச் சொல்வார்கள். நம்மவர் ஏகத்துக்குப் பேசுவார், தப்பாகவும் சொல்வார். அன்றைக்கே சொன்னார்:

"ஹீட்டர் பிளக்தான் சார். சந்தேகமே இல்ல. குளிர்ல டீசல் பத்திக்கிறதுக்கு உள்ள சூடு காட்டறது அதுதானே. போயிருக்கும். கையோட நாலு கொண்டாந்திருக்கேன்." பாக்கெட்டைத் தட்டிக் காட்டினார். "இருந்தாலும் ஒண்ணு கேட்கறேன். செல்ஃப் அடிக்கும்போது பின்னால புகை வந்துச்சா?"

"ஒரு மாதிரி... வரலாமா வேணாமான்னு தயங்கற மாதிரி ஒரு..."

"சார். வந்துச்சா, வரலையா?"

"வெள்ளைன்னு சொல்ல முடியாது, ஒரு சாம்பல் மாதிரி, ஒருவேளை அது மூடுபனியாக்கூட..."

"வந்துச்சா, வரலையா?"

"நான் முன்சீட்டுல உட்கார்ந்திருந்தேன்" என்றேன்.

புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, பற்றவில்லை என்று அர்த்தமாம். வராவிட்டால் டீசலே போய்ச் சேரவில்லை. ஒரே சொல்லில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. எழுதிப் பிழைக்கிறவனிடம் கேட்டால் இப்படித்தான்.

3

எந்தக் கதையிலும் யாருக்காவது ஏதாவது போகப்போகிற மாதிரி இருக்க வேண்டும். இதில் என்ன போகப்போகிறது என்பதை இன்னும் சொல்லாமல் வைத்திருப்பது தந்திரம் இல்லை, பயம்.

கீழே நகரத்தில் தலைமை அலுவலகத்தில் என் மனைவிக்கு ஒரு இடம் வந்திருக்கிறது. லிஃப்ட் உள்ள கட்டடம். மலையில் மற்ற டாக்டர்கள் மாட்டுக்கு என்ன செய்தார்கள் என்பதை உட்கார்ந்து படித்துக் கையெழுத்துப் போடும் வேலை. சேறு கிடையாது, விடியற்காலை கிடையாது. போனால் வீட்டைக் காலி செய்துகொண்டு இரண்டு பேரும் போக வேண்டும். வருகிறாயா இல்லையா என்று அலுவலகம் கேட்டுவிட்டது.

இவள் தடுமாறியதற்குக் காரணம் பெரியப்பா. போன மாதம் ஒரு பிரசவத்துக்குக் கூப்பிட்டார்கள், வண்டி எழவில்லை. போய்ச் சேர்ந்தபோது கன்றுக்குட்டி எழுந்து நின்று பால் குடித்துக்கொண்டிருந்தது. பண்ணைக்கார அம்மா சிரித்துக்கொண்டே, "அது உங்களுக்காகக் காத்திருக்கல டாக்டரம்மா, தானே வந்துடுச்சு" என்றாராம். இவளும் அங்கே சிரித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்குள் நடக்கும் பேச்சு இது. ஆள் மாறாமல், வார்த்தை மாறாமல்:

"உனக்கு அந்த ஆபீசுக்குப் போகணுமா?"

"முதல்ல வண்டி சரியாகட்டும்."

"சரியானா?"

"சரியானா பார்க்கலாம். உனக்குப் போகணுமா?"

"உன் இஷ்டம்தான்."

எனக்குப் போக விருப்பம் இல்லை. இந்த வீட்டின் பின்னறை, அங்கிருந்து தெரியும் சரிவு, எதிர்வீட்டு நாயின் அர்த்தமில்லாத கோபம் எல்லாம் எனக்கு வேண்டும். ஆனால் அவளுக்கு முதுகுவலி இருக்கிறது. உதைக்கிற மாடுகள் இருக்கின்றன. நாற்காலி கிடைக்கிறவளிடம் வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? ஆகவே, வண்டியைப் பற்றிப் பேசினேன். அவளும் வண்டியைப் பற்றிப் பேசினாள். பெரியப்பாவைப் பற்றி இவ்வளவு பேசிய தம்பதி உலகத்தில் இருக்க முடியாது.

'உன் இஷ்டம்' என்பது கேட்கப் பெருந்தன்மை மாதிரி இருக்கும். உண்மையில் மூட்டையை எதிராளி தலையில் ஏற்றிவிட்டுக் கையைத் தட்டிக்கொள்வது.

4

அடுத்த காலை. நான் சாவியைத் தொடவில்லை. பானெட்டைத் தொடவில்லை. வண்டி இருந்த திசைப் பக்கம்கூடப் பெருமூச்சு விடவில்லை. அரைமணி வந்தார், கை வைத்தார், திரும்பினார்.

"சார்..."

"சத்தியமா நான் இல்ல!"

"அப்ப பெரியப்பாவே எழுந்து ஒரு நடை போயிட்டு வந்தாரா?"

தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு. கூரைமேல் பனிநீர் முத்து முத்தாக நின்றது. பானெட்மேல் மட்டும் காய்ந்திருந்தது. எங்கள் வீடு சரிவில் இருப்பதால் பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்து வைப்போம். அந்தக் கல் இப்போது முன்சக்கரத்தில் இருந்தது.

"இறக்கத்துல உருட்டி, கியர்ல விட்டுக் கிளப்பியிருக்காங்க" என்றார் அரைமணி. "செல்ஃபே அடிக்கல. சத்தம் வீட்டுக்குக் கேட்கக் கூடாதுன்னு யாரோ யோசிச்சிருக்காங்க."

விடியற்காலையில் ஒரு சத்தம் கேட்டது வாஸ்தவம். பால் வண்டி என்று நினைத்துப் புரண்டு படுத்தேன்.

ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்காரப் போனேன். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடித்தன. முந்தின நாள் சாயங்காலம் அதே சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து இந்தக் கதைக்கான தொடக்கங்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தவன் நான்.* இப்போது சீட் முன்னால் இழுத்து விடப்பட்டிருந்தது. எங்கள் வீட்டில் கால் நீளம் குறைந்தவர் ஒரே ஒருவர்தான்.

நான் முழங்காலோடு மாட்டிக்கொண்டு நிற்பதை அரைமணி பார்த்தார். உடனே அவருக்குப் பின் டயர்மேல் அளவில்லாத அக்கறை வந்துவிட்டது. "காத்து கொஞ்சம் கம்மி மாதிரி தெரியுது சார்" என்று சொல்லிக்கொண்டே வண்டிக்குப் பின்னால் மறைந்தார். நாகரிகமான மனிதர்.

*ராத்திரி வண்டிக்குள் விளக்கைப் போட்டு எழுதி, பேட்டரியை நான்தான் தீர்த்துவிட்டேனோ என்று ஒரு சந்தேகம் எனக்கு. அரைமணியிடம் அழாத குறையாக ஒப்புக்கொண்டேன். "செல்ஃப் சூப்பரா சுத்துது சார். பேட்டரிக்கு ஒண்ணும் ஆகல" என்றார். குற்றவாளி ஆகும் தகுதிகூட எனக்கு இல்லை.

5

இங்கேதான் எனக்குப் பாத்திரத்தின்மேல் சந்தேகம் வருகிறது.

மூன்றாம் பகுதிவரை நான் எழுதிய மனைவி ஒளிவுமறைவு இல்லாதவள். ஒரு மாட்டின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விட்டுத் தேடுகிற பெண் எதை ஒளிப்பாள் என்ற நினைப்பில் எழுதிக்கொண்டு போனேன். அவளோ எனக்குத் தெரியாமல் எழுந்து, கல்லை நகர்த்தி, ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள பெரியப்பாவைச் சத்தமில்லாமல் இறக்கத்தில் உருட்டிக்கொண்டு போயிருக்கிறாள். என் வரைவில் இது கிடையாது. யார் எழுதினார்கள்?

காரணங்களை எழுதிப் பார்த்தேன்.

அவசரமாக எங்காவது மாடு பார்க்கப் போயிருப்பாள். (பூட்ஸில் ஈரம் இல்லை.)

தூக்கம் வராமல் காற்று வாங்க (ஒரு டன் இரும்போடா?)

அவளுக்கு வண்டி சரியாவதில் விருப்பம்

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. வண்டி சரியானால் அலுவலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். சரியாகாதவரை சொல்ல வேண்டாம். அப்படியென்றால்... அதோடு, முதல் நாள் நான் செய்த அந்த நல்ல காரியம்? "ரெடியா வைங்க" என்றார், வைத்தேன். அவ்வளவுதான். நான் இதில் உறுதியாக இருக்கிறேன். நீங்கள் அப்படிப் பார்க்காதீர்கள்.

சாயங்காலம் அவள் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். "காலையில வண்டியை எடுத்தியா?"

"ஏன், அரைமணி என்ன சொன்னார்?"

"பானெட் சூடா இருந்துச்சாம்."

"ஓ" என்றாள். சோப்பை இன்னொரு முறை போட்டாள். முழங்கைவரை தேய்த்தாள். அன்றைக்கு அவள் எந்த மாட்டையும் தொட்டிருக்கவில்லை. பிறகு துண்டில் துடைத்துக்கொண்டு, "அவரை இப்ப வரச்சொல்லு" என்றாள்.

"இப்பவா? எஞ்சின் ஆறி இருக்கணுமே?"

"வரச்சொல்லு எழுத்தாளரே."

6

அரைமணி வந்தபோது அவள் தன் மருந்துப் பையிலிருந்து ஒரு புது டிரிப் டியூபை எடுத்து வைத்திருந்தாள். மாட்டுக்குக் குளுக்கோஸ் ஏற்றுகிற, உள்ளே ஓடுவது வெளியே தெரிகிற டியூப்.

"இதை டீசல் லைன்ல, பம்புக்கு முன்னால மாட்டுங்க. மாட்டுக்கு ஏத்தும்போது குமிழி வருதான்னு இதுலதான் பார்ப்பேன். இந்த வண்டிக்கும் அதே கண்ணு போதும். ராத்திரி முழுக்க டீசல் இதுல நிக்குதா, இறங்குதான்னு காலையில பார்த்துடலாம்."

"நானே சொல்லலாம்னுதான் இருந்தேன் டாக்டரம்மா" என்றார் அரைமணி. முகத்தில் ஒரு சின்ன அசைவும் இல்லை. ஒரு பல்பை இணைத்து, எரிகிறதா என்று ஹீட்டர் பிளக்குகளைச் சோதித்தார். நாலும் நன்றாக இருந்தன. பாக்கெட்டில் இருந்த நாலையும் ஒருமுறை தடவிக்கொண்டார், பெண் பார்க்கப் போய் வெறுங்கையோடு திரும்புகிற வீட்டார் மாதிரி.

டியூபை மாட்டி, வண்டியை ஓடவிட்டு, டியூப் நிறைய டீசல் நிற்பதைப் பார்த்து அணைத்தார்கள். அப்புறம் அரைமணி சாவியை உருவித் தன் சட்டைப் பையில் போட்டார். ஒரு சக்கரம் விடாமல் நாலுக்கும் கல் வைத்தார்.

"சாவி இன்னைக்கு எங்க வீட்டுல தூங்கட்டும்" என்றார் என்னைப் பார்த்து. அப்புறம், அவசியமே இல்லாமல், அவளையும் பார்த்தார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. எதற்குச் சிரிக்கிறோம் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

காலையில் டியூப் காலி. சாயங்காலம் நிறைந்து நின்றதில் ஒரு சொட்டு இல்லை, வெறும் காற்று.

"ஏர் எடுக்குது!" என்று கத்தினார் அரைமணி, புதையல் எடுத்தவர் மாதிரி. "எங்கேயோ காத்து நுழையுது. அதனால டீசல் எல்லாம் ராத்திரியோட ராத்திரியா டேங்குக்கே திரும்பிப் போயிடுது. காலையில செல்ஃப் அடிச்சு அடிச்சு அங்கிருந்து மறுபடி இழுத்துட்டு வரணும். அதுக்குத்தான் அவ்வளவு நேரம்!"

(நின்ற இடத்தில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. ராத்திரி தலைக்குள் நிறைந்து நிற்கிற கதை காலையில் பேனாவைத் தொடும்போது எங்கே போகிறது என்று இத்தனை வருஷமாகத் தெரியாமல் இருந்தேன். சொல்ல வாயெடுத்தேன். அவள், "இப்ப உவமை வேணாம்" என்றாள்.)

காற்று நுழைந்த இடம் ஃபில்டர்மேல் இருக்கிற சின்னக் கைப்பம்ப். கட்டைவிரலால் அமுக்கினால் டீசல் ஏற்றும். அதன் ரப்பர் மயிரிழை அளவுக்கு வெடித்திருந்தது. அரைமணி புதிதாக ஒன்று மாட்டினார். அரைமணி நேரத்தில் மாட்டினார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். எதிர்காலத்தில் யாரும் நம்பப்போவதில்லை.

ஆனால் சரியாகிவிட்டதா என்று அப்போதே தெரியாது. இன்னொரு ராத்திரி ஆற வேண்டும்.

7

அந்த ராத்திரி எனக்கு ஏராளமான நேரம் இருந்ததால் முடிவுகளை எழுதினேன். பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.

வண்டி கிளம்பவில்லை. அவள், "சரி, விடு" என்கிறாள். நகரத்தில் ஒரு மூன்றாம் மாடி. நான் நிறைய எழுதுகிறேன், எல்லாவற்றிலும் பனி மெல்ல இறங்குகிறது.

அல்லது வண்டி கிளம்புகிறது. அவள், "வண்டி நல்லா இருக்கு, இப்பவே வித்துடலாம்" என்கிறாள். (இந்த முடிவை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.)

அல்லது இதோடு கதையை நிறுத்தி, வாசகரே, நீங்களே முடித்துக்கொள்ளுங்கள் என்று தாள்களை வண்டியின் முன்பலகையில் வைத்துவிட்டு

வைத்துவிட்டுத்தான் படுத்தேன்.

8

அவள் சாவியைத் திருப்பினாள்.

(ஆமாம், அதே வரி. அது இருக்க வேண்டிய இடம் இதுதான் போலிருக்கிறது.)

அவள் உள்ளே, அரைமணி பானெட் பக்கம், நான் பின்னால். எனக்கு ஒரே வேலை. "புகை வந்துச்சா வரலையான்னு மட்டும் சொல்லுங்க சார். அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம்" என்று சொல்லி நிறுத்தியிருந்தார்.

ஒரே அடி. இருமல் இல்லை, கெஞ்சல் இல்லை. கூப்பிட்ட குரலுக்குப் பெரியப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"வந்துச்சு!" என்று கத்தினேன். "உடனே நின்னுடுச்சு!"

"டாக்டரம்மா, சார் பதில் சொல்லிட்டாரு!" என்றார் அரைமணி. வண்டி கிளம்பியதைவிட அவருக்கு அதுதான் ஆச்சரியம். நாலு கல்லையும் எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, டியூபை ஞாபகார்த்தமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

நான் பக்கத்து சீட்டில் ஏறினேன். எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவள் மடியில் இந்தக் கதை இருந்தது, ஏழாம் பகுதிவரை.

"படிச்சியா?"

"சீட் நகர்ந்ததை எழுதியிருக்கே."

"ம்."

"முடிவு எழுதலையே."

"வாசகர் கையில விட்டுடலாம்னு..."

"பாவம், அவங்களுக்கு வேற வேலை இல்லையா?" தாள்களை அடுக்கி முன்பலகையில் வைத்தாள். "என்கிட்ட கேட்க வேண்டியதை ஊர்ல இருக்கறவங்ககிட்ட எல்லாம் கேட்டு வச்சிருக்கே."

"உன்கிட்டயும் கேட்டேனே. எத்தனை தடவை!"

"வண்டி கிளம்பாதப்ப கேட்டே. இப்ப கேளு."

கேட்டேன். "உனக்கு அந்த ஆபீசுக்குப் போகணுமா?"

அவள் கையை நீட்டி எஞ்சினை அணைத்தாள். இத்தனை வருஷத்தில் காலையில் கிளம்பிய வண்டியை அவள் அணைத்து நான் பார்த்ததே இல்லை. எதிர்வீட்டு நாய் குரைத்தது, பிறகு அதுவும் நின்றது.

"போக வேணாம். எனக்கு அந்த நாற்காலி வேணாம், லிஃப்டும் வேணாம். மாட்டைப் பத்திப் படிக்கிறதுக்கு நான் டாக்டர் ஆகல. இங்கதான் இருக்கப்போறேன், பெரியப்பா எழுந்தாலும் சரி, எழாட்டியும் சரி. அன்னைக்கு உருட்டினது நான்தான். உனக்கு டவுன் ஆசை இருக்குன்னு நினைச்சு, சொன்னா முகம் வாடுமேன்னு ஒரு நாள் தள்ளிப் போட்டேன். அவ்வளவுதான். இப்ப நீ சொல்லு. 'உன் இஷ்டம்'னு மட்டும் வாயைத் திறந்தே, இறக்கத்துல உருட்டி விட்டுடுவேன். வண்டியை இல்ல, உன்னை."